மாதம் 10 சதவீதம் தருகிறேன் என்பவருக்கு உங்கள் பணம் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. டர்பனின் தெற்குப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தார். சென்ற மாதம் ஆட்குறைப்பில் அவரையும் நிறுத்திவிட்டார்கள். இழப்பீடாக 2.1 லட்சம் ராண்ட் வந்திருக்கிறது. பிராவிடன்ட் ஃபண்டில் 7.6 லட்சம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக் கடன் பாக்கி 95,000, கடைக் கணக்குகளில் கடனாக 38,000, தனிநபர் கடன் 46,000. மகளுக்குக் கல்லூரியில் கடைசி ஆண்டு, கட்டணம் 45,000. அடுத்த ஆண்டு மகன் திருமணம். மாதச் செலவு 14,000. அதில் வீட்டுக் கடன் தவணை 3,000. நான் வீட்டிலிருந்து தைத்து மாதம் 3,500 ராண்ட் சம்பாதிக்கிறேன். என் கொழுந்தனார் ஒரு இணையவழி நாணய வணிகத்தில் 50,000 போட்டு மாதம் தவறாமல் 5,000 வாங்குகிறார். நாங்களும் 3 லட்சம் போட வேண்டும் என்கிறார். நான் தங்கம் வாங்கலாம் என்கிறேன். கணவருக்குப் பின்கட்டில் அவுட்பில்டிங் கட்டி வாடகைக்கு விட ஆசை. எங்கே போட்டால் நல்லது? வேலை போனதிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணத்தை எங்கே போடுவது என்று ஆளுக்கொரு யோசனை வைத்திருக்கிறீர்கள். வருகிற மாதம் மளிகைக்கும் மின்சாரத்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சம்பளம் நின்ற வீட்டில் கைக்கு வந்த தொகையின் முதல் வேலை, அடுத்த சம்பளம் வரும்வரை வீட்டை நடத்துவது. பெருகுவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை தலைகீழானதால்தான் பல குடும்பங்கள் கெட்டன. ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தப் படிவம். உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் காகிதங்களில் அதுதான் விலை உயர்ந்தது. ‘முழுத் தொகையும் ரொக்கமாக’ என்ற கட்டத்தில் ஒரு குறி போடுவதற்கு ஒரு நொடி ஆகும். அந்த நொடியின் விலையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு ஓய்வுகாலத் தொகைக்குரிய வரி அட்டவணையே பொருந்தும். 2023 மார்ச்சில் வந்த அட்டவணையின்படி முதல் 5.5 லட்சம் ராண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 7.7 லட்சம் வரை 18 சதவீதம், அதையும் தாண்டினால் 27 சதவீதம். இழப்பீட்டையும் ஃபண்டையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். முழுவதையும் இப்போதே எடுத்தால் மொத்தம் 9.7 லட்சம். அதில் வரி 39,600 கூட்டல் 54,000, ஆக 93,600 ராண்ட். உங்கள் வீட்டுக் கடன் பாக்கிக்கு ஏறக்குறைய சமமான தொகை, கைக்கு வருமுன்பே வரித்துறையான சார்ஸ் அலுவலகத்துக்குப் போய்விடும். தேவையானதை மட்டும் எடுத்து, மொத்தம் ஐந்தரை லட்சத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் வரி ஒரு காசும் இல்லை. (அவர் இதற்கு முன் வேறு ஃபண்டிலிருந்து மொத்தத் தொகை எதுவும் எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எடுத்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.)

இந்த வரிவிலக்கு வாழ்நாளுக்கு ஒரு முறை கிடைப்பது. இப்போது பாதியைப் பயன்படுத்தினால் மீதி வீணாகாது, ஓய்வுபெறும்போது பயன்படும். ஆகவே ‘வரி இல்லையே, எடுத்துவிடலாம்’ என்ற அவசரமும் வேண்டாம். எடுக்காத பகுதியை, ஓய்வுக்காலத்துக்காகக் காத்துவைக்கும் பிரிசர்வேஷன் ஃபண்டுக்கு மாற்றச் சொல்லலாம். அப்படி மாற்றும்போது வரி கிடையாது. 2024 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, புதிதாகச் சேரும் ஓய்வுப் பணத்தை இரண்டாகப் பிரித்து வைக்கும் இருபானை முறையில், அந்தத் தேதிக்குப் பிறகு சேர்ந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு எப்படியும் ஓய்வு வரை கைக்கு வராது. அதற்கு முன் சேர்ந்த பழைய தொகையைப் பற்றித்தான் இப்போது முடிவு செய்ய வேண்டும்.

எவ்வளவு எடுப்பது? மகளின் கட்டணம் 45,000. வீட்டுக் கடன் 95,000. மற்றக் கடன்கள் 84,000. வீட்டுக் கடன் முடிந்தால் மாதச் செலவு 11,000 ஆகக் குறையும், ஓராண்டுக்கு 1.32 லட்சம். எல்லாம் சேர்த்து 3.56 லட்சம். இழப்பீடு 2.1 லட்சம் கையில் இருக்கிறது; ஃபண்டிலிருந்து 1.5 லட்சம் எடுத்தால் போதும். 6.1 லட்சம் தொடாமல் இருக்கும், வரியும் இல்லை. உங்கள் தையல் வருமானத்தையும், கணவருக்குச் சேர வேண்டிய வேலையின்மைக் காப்பீட்டுத் தொகையையும் சேர்த்தால் அந்த ஓராண்டுப் பணம் ஒன்றரை ஆண்டுக்கு மேலேயே ஓடும். அதற்குள் அவருக்குச் சின்னதாக ஒரு வேலை கிடைத்தாலும் நீங்கள் கரையேறிவிடுவீர்கள்.

வீட்டுக் கடனை அடைப்பதைப் பற்றி என் தொழிலிலேயே இரண்டு கருத்து உண்டு. அந்த 95,000 ஃபண்டில் இருந்தால் கடன் வட்டியைவிடக் கூடுதலாக வளரக்கூடும் என்பார்கள். வளரக்கூடும்தான். ஆனால் வேலையில்லாத வீட்டில் மாதம் 3,000 ராண்ட் கட்டாயச் செலவு இல்லாமல் போவது வேறு வகை நிம்மதி. நான் அடைக்கச் சொல்லும் கட்சி.

இனி மற்றக் கடன்கள். இவற்றை இந்த வாரமே ஓடிப்போய் அடைத்துவிடாதீர்கள். அடைக்க வேண்டியவைதான், ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. கடைக் கணக்கின் மாதக் கணக்குத் தாளை எடுத்துப் பாருங்கள். வட்டி, சேவைக் கட்டணம் என்ற வரிகளுக்குப் பக்கத்தில் ‘காப்பீடு’ என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். பெரும்பாலோர் அதை ஏதோ இன்னொரு பிடித்தம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது கடன் காப்பீடு. 2017 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி, அதன்பின் வாங்கிய கடனுக்குக் கட்டாயப்படுத்தி விற்ற காப்பீடு, மரணத்துக்கும் உடல் ஊனத்துக்கும் மட்டும் அல்ல, ஆட்குறைப்பில் வேலை போவதற்கும் பொருந்த வேண்டும். வேலை போனால் 12 மாதத் தவணை வரை, அல்லது கடன் முடியும் வரை, அல்லது வேறு வேலை கிடைக்கும் வரை, எது முந்துகிறதோ அதுவரை, காப்பீட்டு நிறுவனம் கட்ட வேண்டும். இத்தனை ஆண்டுகளாக நீங்கள் பிரீமியம் கட்டியது இந்த நாளுக்காகத்தான். கடைக்காரர் தாமாக முன்வந்து இதைச் சொல்ல மாட்டார். வேலைநீக்கக் கடிதத்தின் நகலோடு ஒவ்வொரு கடைக்கும், தனிநபர் கடன் தந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் கோரிக்கை வையுங்கள். முடிவு தெரியும்வரை தவணையை நிறுத்தாமல் கட்டுங்கள்.

கோரிக்கை தள்ளுபடியானால் அப்போது மொத்தமாக அடைத்து, கணக்கையும் மூடிவிடுங்கள். கடைக் கணக்குக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி, ரெப்போ வட்டியோடு (மத்திய வங்கி நிர்ணயிக்கும் அடிப்படை வட்டி) 14 சதவீதம் சேர்ந்தது. பிணையில்லாத தனிநபர் கடனுக்கு 21 சதவீதம் சேர்ந்தது. ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டும் கடன் ஒன்றை அடைப்பது, அதே விகிதத்தில் நிச்சய லாபம் ஈட்டுவதற்குச் சமம். அந்த லாபத்துக்கு வருமான வரியும் இல்லை. இதற்கு ஈடான முதலீட்டை நேர்மையான எந்த ஆலோசகராலும் உங்களுக்குக் காட்ட முடியாது.

காட்ட முடியும் என்று உங்கள் கொழுந்தனார் சொல்கிறார். பார்ப்போம்.

மாதம் 10 சதவீதம் என்றால், வருவதை எடுக்காமல் அதிலேயே விட்டுவைத்தால், ஒரு லட்சம் ராண்ட் ஓராண்டில் மூன்று லட்சத்தைத் தாண்டும். ஐந்தாண்டில் மூன்று கோடி ஆகும். ஏழாண்டில் முப்பது கோடி. இப்படி ஒரு வித்தை தெரிந்தவர், வங்கியில் ஒரு முறை கடன் வாங்கிப் போட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு இருக்கலாமே? சாட்ஸ்வர்த்தில் வேலை போன ஒரு மனிதரின் இழப்பீட்டுத் தொகைக்காக வாட்ஸ்அப் குழுவில் எதற்குக் காத்திருக்கிறார்?

‘ஆனால் மாதாமாதம் பணம் வருகிறதே’ என்று எழுதியிருக்கிறீர்கள். வரத்தான் செய்யும். வராவிட்டால் உங்களைப் போன்றவர்கள் எப்படிச் சேர்வார்கள்? அவர் போட்ட 50,000-லிருந்தே மாதம் 5,000 வீதம் பத்து மாதத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு எந்த வணிகமும் நடக்க வேண்டியதில்லை. அதற்குள் அவர் தம்பி, மைத்துனன், கோயில் நண்பர் என்று நான்கு பேரைக் கூட்டி வந்துவிடுவார். பதினோராவது மாதப் பணம் அவர்கள் பையிலிருந்து வரும். கொழுந்தனார் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் மனதார நம்புகிறார். இந்த மாதிரித் திட்டங்கள் ஓடுவதே அப்படி நம்புகிறவர்களின் நல்ல பெயரால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவருக்குக் காட்டுங்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 43-ஆம் பிரிவு. ரெப்போ வட்டியைவிட 20 சதவீதமோ அதற்கு மேலோ ஆண்டு வட்டி தருவதாகச் சொல்லும் திட்டத்தை அது ‘பெருக்கல் திட்டம்’ என்று வகைப்படுத்தித் தடை செய்கிறது. தெரிந்தே சேர்வதும், பிறரைச் சேர்ப்பதும் குற்றத்தின் பக்கம்தான். மாதம் பத்து என்பது அந்த எல்லையைப் பல மடங்கு தாண்டிய பேச்சு.

நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் பிட்காயினை வாங்கிக்கொண்டு, கணினி நிரல் ஒன்று தானாக வணிகம் செய்து மாதம் 10 சதவீதம் ஈட்டித் தரும் என்றது. 2020 டிசம்பரில் அது கலைப்புக்கு வந்தது. நிறுவனர் பிரேசிலுக்குப் போய் ஒளிந்து, 2021 டிசம்பரில் அங்கே கைதானார். 2023-இல் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோத மோசடித் திட்டம் என்று தீர்த்தது. நான் அதைக் குறிப்பிடக் காரணம் அதன் பிறகு நடந்தது. நிறுவனத்தை மூடிக் கணக்குத் தீர்க்கும் கலைப்பாளர்கள், பணம் இழந்தவர்களைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. லாபம் பார்த்தவர்களையும் தேடி வந்தார்கள். திட்டம் மோசடி என்று தீர்ந்துவிட்டால், அதிலிருந்து பெற்றதைத் திருப்பிக் கட்டச் சொல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது. கொழுந்தனார் இன்று வாங்கும் 5,000 என்றைக்குத் திரும்பக் கேட்கப்படும் என்பது அவருக்கும் தெரியாது.

யாரிடம் பணம் கொடுப்பதானாலும் அவருடைய எஃப்.எஸ்.பி. எண்ணை, அதாவது நிதிச் சேவை வழங்க உரிமம் பெற்ற எண்ணைக் கேளுங்கள். நிதித்துறை நடத்தை ஆணையமான எஃப்.எஸ்.சி.ஏ.வின் இணையதளத்தில் அது உண்மையா, அந்த உரிமம் அவர் விற்கும் பொருளுக்கு உரியதா என்று பாருங்கள். இரண்டாவது கேள்வியை மறக்காதீர்கள். வேறு ஒரு நிறுவனத்தின் எண்ணைத் தன் எண்ணாகப் போட்டுக்கொண்டு அலைபவர்கள் உண்டு.

அவுட்பில்டிங் யோசனையை நான் கேலி செய்ய மாட்டேன். சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பின்கட்டு வாடகையில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் இது இந்த ஆண்டுக்கான வேலை அல்ல. டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சி ஒப்புதல் அளித்த வரைபடம் இல்லாமல் கட்டினால், தீயோ வெள்ளமோ வரும்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். வீட்டை விற்கும்போதும் அது முட்டுக்கட்டையாக நிற்கும். வாடகை தராதவரைக் கதவைப் பூட்டி வெளியேற்ற முடியாது. 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு வேண்டும். வாடகை வருமானத்துக்கு வரியும் உண்டு. கணவருக்கு வேலை கிடைத்தபின், வரைபடம் போட்டு, மூன்று கொத்தனாரிடம் விலை கேட்டு நிதானமாகச் செய்யட்டும்.

தங்கம் உங்கள் யோசனை என்பதால் நேராகவே சொல்கிறேன். நகை முதலீடு அல்ல. வாங்கும்போது 15 சதவீத வாட் வரியும் செய்கூலியும் கொடுக்கிறீர்கள். விற்கும்போது உருக்கு விலைதான் கிடைக்கும். தங்கத்தில் கொஞ்சம் வைத்தே ஆக வேண்டும் என்றால் க்ரூகர்ராண்ட் நாணயம் வாங்கலாம், அதற்கு வாட் இல்லை. மருமகளுக்கு நகை போடுவது வேறு விஷயம். அது கல்யாணச் செலவு. சேமிப்புக் கணக்கில் எழுதாதீர்கள்.

கல்யாணம் என்றதும் சொல்லிவிடுகிறேன். மகன் சம்பாதிக்கிறான் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தத் திருமணம் அவன் சம்பளத்துக்கும் மணப்பெண் வீட்டாரின் வசதிக்கும் தக்கபடி நடக்கட்டும். ஐந்நூறு பேருக்கு மண்டபம் பிடித்து அப்பாவின் பிராவிடன்ட் ஃபண்டைக் கரைப்பதில் எந்தப் பிள்ளைக்கும் பெருமை இருக்காது. இருந்தால் அவனிடம் வேறு ஒரு பேச்சுப் பேச வேண்டும்.

ஈமச்சடங்குக் காப்பீடு பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: எத்தனை வைத்திருக்கிறீர்கள்? நம் வீடுகளில் மூன்று, நான்கு என்று இருக்கும். தெரிந்தவர் விற்றது, வங்கியில் தலையில் கட்டியது, சங்கத்தில் சேர்ந்தது என்று. தகனத்துக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் ஒன்று போதும். எது பழையது, எதில் எல்லாரும் அடங்கியிருக்கிறார்கள் என்று பார்த்து அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்று எடுத்தால் இயற்கை மரணத்துக்கு ஆறு மாதம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அது முடியும்வரை பழையதை நிறுத்த வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வீட்டுச் செலவுக்கான 1.32 லட்சத்தை எளிதில் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கிலும் எடுப்பதற்கு 32 நாள் முன்பே சொல்ல வேண்டிய முன்னறிவிப்புக் கணக்கிலும் பிரித்து வையுங்கள். 2024 ஏப்ரல் முதல் வங்கி ஒன்றுக்கு, நபர் ஒருவருக்கு ஒரு லட்சம் ராண்ட் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. இரண்டு வங்கிகளில் வைத்தால் முழுத் தொகையும் அதற்குள் அடங்கும்.

மீதமுள்ள 6.1 லட்சம் பிரிசர்வேஷன் ஃபண்டில். அங்கே பங்கு, கடன் பத்திரம், வெளிநாட்டு முதலீடு எல்லாம் கலந்த ஒரு சமநிலைத் திட்டம் போதும். ஓய்வூதியப் பணத்தில் 45 சதவீதம் வரை வெளிநாட்டில் வைக்க விதி அனுமதிக்கிறது. 1980-இல் ஒரு ராண்ட் ஒரு அமெரிக்க டாலரைவிட மதிப்பு மிக்கதாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அனுமதியின் அருமை புரியும். எந்தத் திட்டம் அடுத்த ஆண்டு முதலிடம் பிடிக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். சொல்பவர்களையும் நம்பாதீர்கள். அறிய முடிந்த ஒன்று செலவு. ‘ஈ.ஏ.சி.’ என்ற பெயரில் எல்லாக் கட்டணங்களையும் கூட்டி ஒரே சதவீதமாகக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. கையெழுத்துப் போடுமுன் அதைக் கேட்டு வாங்குங்கள். முதலீடு ஆண்டுக்கு 9 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 1 சதவீதமானால் ஒரு லட்சம் இருபது ஆண்டில் 4.66 லட்சமாகும். செலவு 3 சதவீதமானால் 3.21 லட்சம். அதே சந்தை, அதே பணம். வித்தியாசம் இடையில் இருப்பவர்களுக்குப் போனது.

சந்தை விழும் நாள் வரும். 2020 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தை சில வாரங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது. மார்ச்சில் பயந்து விற்றவர்களின் நட்டம் மட்டும் நிலைத்தது. ஓராண்டுச் செலவைத் தனியே வைக்கச் சொன்னது இதற்கும்தான். கைச் செலவுக்குப் பணம் இருப்பவருக்கு விழுந்த சந்தையில் விற்க வேண்டிய கட்டாயம் வராது. இதிலெல்லாம் மனம் ஒப்பாது என்றால், பின்னால் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு அரசின் சில்லறைச் சேமிப்புப் பத்திரம் இருக்கிறது. 1,000 ராண்டிலிருந்து வாங்கலாம், கட்டணமும் தரகும் இல்லை.

இந்த வாரத்திலேயே முடிக்க வேண்டியவை சில. வேலையின்மைக் காப்பீட்டுக்கு விண்ணப்பம்: சம்பளத்தைப் பொறுத்து 38 முதல் 60 சதவீதம் கிடைக்கும், 238 நாளுக்குப் பிறகு அது குறையும். மருத்துவக் காப்பு நிறுவனத்தின் வழியாக இருந்திருந்தால், மலிவான திட்டத்துக்கு மாறினாலும் பரவாயில்லை, விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் திரும்பச் சேரும்போது காத்திருப்புக் காலமும், 35 வயது கடந்தவர்களுக்குத் தாமதக் கட்டணமும் விதிக்கலாம். நிறுவனத்தின் குழு ஆயுள் காப்பீட்டைச் சொந்தப் பெயருக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். அதற்குக் கெடு மிகக் குறுகியதாக இருக்கும்.

கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். ஃபண்ட் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். கணக்கும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். படிவத்தை நிரப்புமுன், ‘1.5 லட்சம் எடுத்தால் கைக்கு எவ்வளவு, முழுவதும் எடுத்தால் எவ்வளவு’ என்று ஃபண்ட் நிர்வாகத்திடம் இரண்டு கணக்கையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 27 ஆண்டு இயந்திரத்தோடு வேலை பார்த்தவருக்கு எண்களைச் சரிபார்ப்பது பிடித்த வேலையாகக்கூட இருக்கலாம்.

கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம். போட்ட 50,000 முழுவதையும் இந்த மாதமே திரும்பக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘இன்னும் மூன்று மாதம் பொறுங்கள்’, ‘முதலில் வரி கட்டுங்கள்’ என்று பதில் வந்தால் அவருக்கே விளங்கிவிடும். பணம் வந்துவிட்டால் மறுபடி அங்கே போடாமல், எல்லாக் கணக்கு விவரங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். பின்னால் கலைப்பாளர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.